எழுத்தாளனைக் காப்பது பதிவேடா?

கிராமப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். ஏழெட்டு ஆண்டுகளாக எழுதிய கவிதைகளைத் தொகுத்து நூலாக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. அச்சகத்துக்கு முற்பணம் கொடுக்கவென அவர் சேர்த்து வைத்திருந்த தொகையில் ஒரு பகுதி, நூல் அச்சேறுமுன்பே கைவிட்டுப் போய்விட்டது. ‘பதிவு செய்தாலொழியச் சட்டம் உங்களைக் காக்காது; நாளை வேறொருவர் இக்கவிதைகளைத் தம்முடையவை என்றால் நீங்கள் நீதிமன்றப் படியேறவும் முடியாது’ என்று அச்சுறுத்தி, நகரத்து முகவர் ஒருவர் அதனைப் பெற்றுக்கொண்டாராம். பதிலுக்கு முத்திரை பொறித்த தாளொன்று கிடைத்திருக்கிறது. அதனைக் கண்ணாடிச் சட்டத்துள் இட்டு வீட்டிலே மாட்டியிருப்பதாக அவர் பெருமையோடு சொன்னார்.

பின்னர், தம் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து என்னிடம் காட்டினார். அது வெளியீட்டாளர் ஒருவர் அனுப்பிய ஒப்பந்தம். நூலின் மீதான சகல உரிமைகளும் நிரந்தரமாக வெளியீட்டாளருக்கே உரியன என்பது அதன் மூன்றாவது நிபந்தனை. கைம்மாறாக ஆசிரியருக்குக் கிடைப்பவை ஐம்பது பிரதிகள். ‘கையொப்பமிட்டு நாளை அனுப்பிவிடுவேன்’ என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. படலைக்குப் பூட்டு வாங்கிய மனிதர் வளவையே உறுதி எழுதிக் கொடுக்கப் போகிறார்!

இந்த ஆசிரியர் தனியொருவரல்லர். நம் எழுத்தாளரிற் பெரும்பாலோர் நிலை இதுதான். ஆகவேதான் இவ்விஷயத்தை வெளிப்படையாகப் பேசவேண்டியுள்ளது. எழுத்தாளனின் உரிமையைப் பதிவேடு தருவதுமில்லை, காப்பதுமில்லை. அவ்வுரிமை அவனது கையொப்பத்தினாலேயே பறிபோகிறது. அதனைக் காக்கவல்லவை அவனது விழிப்பும் அவனைச் சேர்ந்தோரின் ஒற்றுமையுமே.

முதலிற் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இலங்கையில் இப்போது நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படைப்பு ஆக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தாலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு என்பது அதன் நிலைப்பாடு. விண்ணப்பம் வேண்டியதில்லை, கட்டணம் வேண்டியதில்லை, முத்திரையும் வேண்டியதில்லை. புத்தாக்கங்களையும் வியாபாரக் குறிகளையும் கைத்தொழில் வடிவங்களையும் பதிவதற்கு அச்சட்டம் வழி செய்திருக்கிறது. கவிதைக்கும் கதைக்கும் நாடகத்துக்கும் அப்படியொரு பதிவை அது கேட்கவேயில்லை. கடைசி வரியை எழுதிப் பேனாவைக் கீழே வைக்கும்போது எழுத்தாளனின் உரிமை பிறந்துவிடுகிறது. அவன் உயிரோடிருக்கும் காலம் முழுவதும், அவன் இறந்தபின் மேலும் 70 ஆண்டுகளும் அது நிலைக்கிறது.

அவ்வுரிமை இருவகைப்பட்டது. படைப்பை அச்சிடவும் மொழிபெயர்க்கவும் ஒலிபரப்பவும் பிறருக்கு அனுமதி தந்து அதனாற் பயன்பெறும் உரிமை ஒன்று. இது பொருளாதார உரிமை. படைப்பிலே தன் பெயர் நிற்கவேண்டுமென்றும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி அதனைச் சிதைக்கலாகாதென்றும் கோரும் உரிமை மற்றொன்று. இது தார்மிக உரிமை. இவ்விரண்டாவது உரிமையை ஆசிரியன் உயிரோடிருக்கும்வரை எவருக்கும் மாற்றிக் கொடுக்க இயலாது. இது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையென்று எவரும் எண்ணவேண்டாம். சிறப்புப்பாயிரத்திற் சொல்லப்படவேண்டியவை எட்டு என வகுத்த நன்னூல், அவற்றுள் முதலாவதாக வைத்தது ஆக்கியோன் பெயரை. ஏட்டுச் சுவடியில் எழுதிய காலத்திலேயே, நூலை ஆக்கியவன் பெயரை மறைத்தல் முறையன்று என்பதைத் தமிழ் மரபு அறிந்திருந்தது.

அப்படியாயின், பதிவு செய்யாவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற இந்தப் பீதி எங்கிருந்து வந்தது? காணி உறுதியோடு பழகிய மனம் நம்முடையது. காணியை வாங்கினால் உறுதி எழுதிப் பதிவகத்திற் பதியவேண்டும். பதியாதவன் வழக்கிலே தோற்றுத் தெருவில் நிற்பான். அந்த நினைவை அப்படியே எழுத்தின்மீது ஏற்றிவிடுகிறோம். இஃது ஒரு காரணம்.

அயல்நாட்டு நடைமுறையை அரைகுறையாகக் கேள்விப்படுதல் இன்னொரு காரணம். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிப்புரிமைப் பதிவேடு ஒன்று இருப்பது உண்மையே. ஆயினும் அங்கும் பதிவு கட்டாயமன்று. ஏட்டிலுள்ள குறிப்பு வழக்கில் முதனோக்கிற் சான்றாகக் கொள்ளப்படும். அவ்வளவுதான், உரிமை அதனாற் பிறப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கதை வேறு. அந்நாட்டுப் படைப்பொன்றின் உரிமை மீறப்பட்டால், வழக்குத் தொடருமுன் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்த பதிப்புரிமை அலுவலகத்தை நாடவேண்டும். விண்ணப்பம் அனுப்பினால் மட்டும் போதாது, அதன்மீது அலுவலகம் முடிவு செய்திருக்கவும் வேண்டுமென 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், 1886இற் பிறந்த பேண் உடன்படிக்கையில் 1989 வரை சேராது ஒதுங்கி நின்ற நாடு அமெரிக்கா. அந்த உடன்படிக்கையோ 1908இற் பெர்லினில் திருத்தப்பட்டபோதே, ஆசிரியனின் உரிமைக்குப் பதிவு போன்ற சடங்கு எதனையும் நிபந்தனையாக்கலாகாது என்று விதித்துவிட்டது. இலங்கை 1959இல் அதில் உறுப்பு நாடாயிற்று. அமெரிக்கக் குடிமகனுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனையைப் பெயர்த்தெடுத்து வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் விற்பது அறியாமை. பணம் வாங்கிக்கொண்டு விற்பது மோசடி.

இதே பீதியில் வேறுசில மூடநம்பிக்கைகளும் முளைத்திருக்கின்றன. கையெழுத்துப் பிரதியைத் தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருப்போர் சிலர். அதனால் எந்த உரிமையும் உண்டாவதில்லை. சான்றாகக்கூட அது மிகப் பலவீனமானது. தேசிய நூலகம் வழங்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பதிப்புரிமைச் சான்றிதழாக எண்ணிக்கொள்வோர் வேறுசிலர். அந்த எண் நூலை அடையாளங் காணவும் விற்பனையை ஒழுங்குபடுத்தவும் உதவுவது. எவருடைய சொத்து என்று அது சொல்வதில்லை.

‘சரி, திருட்டு நடந்தால் நான்தான் எழுதினேன் என்று எப்படி நிறுவுவது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சான்று வேறு, உரிமை வேறு என்பதை மனத்திற் கொண்டால் இதற்கு விடை எளிது. திகதியிட்ட கையெழுத்துப் படிகள், பத்திரிகை ஆசிரியரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, முதலில் வெளியான சஞ்சிகைப் பிரதி ஆகியவையெல்லாம் சான்றுகளே. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி, இந்நாட்டில் அச்சாகும் நூலின் பிரதிகளை அச்சகத்தார் அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். அவை தேசிய சுவடிகள் திணைக்களத்தைச் சேர்கின்றன. உங்கள் அச்சகத்தார் அக்கடமையைச் செய்தாரா என்று விசாரியுங்கள். முகவர் தரும் முத்திரைத் தாளைவிட அது நூறு மடங்கு பயனுள்ள காரியம்.

பதிவேடு என்பதே எழுத்தாளனுக்காகப் பிறந்ததன்று என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். லண்டன் நகரத்துப் புத்தக வணிகர்களும் அச்சிடுவோரும் சேர்ந்த ஸ்ரேஷனர்ஸ் கம்பனிக்கு 1557இல் மேரி அரசி பட்டயம் வழங்கினாள். தனக்கு ஒவ்வாத கருத்துகள் அச்சேறாமற் பார்த்துக்கொள்ள முடிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. போட்டியை ஒழித்து ஏகபோகம் நடத்த வணிகருக்கு ஓர் அதிகாரம் தேவைப்பட்டது. இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்ட இடமே அக்கம்பனியின் பதிவேடு. நூலை எழுதியவன் அந்தக் கூட்டத்தில் வெளியாள்.

மகாகவி மில்ற்றனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கண்ணிழந்த நிலையில் அவன் பிறர்க்குச் சொல்லி எழுதுவித்த பேரிலக்கியம் ‘இழந்த சுவர்க்கம்’. 1667இல் அதனை சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சகத்தாருக்கு அவன் கொடுத்தபோது கையிற் பெற்றது 5 பவுண். முதற்பதிப்பு விற்றுத் தீர்ந்தபின் இன்னொரு 5 பவுண் கிடைத்தது. அவன் மறைந்தபின் அவனுடைய மனைவி எஞ்சிய உரிமையனைத்தையும் 8 பவுணுக்கு விட்டுக்கொடுத்தாள். ஸ்ரேஷனர்ஸ் கம்பனியின் ஏட்டில் நூல் முறைப்படி பதியப்பட்டிருந்ததே! ஆம், பதியப்பட்டது, சிம்மன்சுக்கு உரிய சரக்காகப் பதியப்பட்டது. பட்டுப்பூச்சி பட்டு நூற்பதுபோல மில்ற்றன் தன் இயல்பின் உந்துதலாற் கவிதை படைத்தான், பின்னர் அதனை 5 பவுணுக்கு விற்றான் என்று கார்ல் மார்க்ஸ் குறிப்பிட்டது இதனைத்தான். எழுத்தாளனையும் உரிமையாளனாக ஏற்றுக்கொண்ட முதற் சட்டம் இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்தது. அதுகூட, அந்த வணிகர் ஏட்டிற் பதிந்தாலொழியத் தண்டம் கோர இயலாது என்றே சொன்னது. அச்சடங்கிலிருந்து எழுத்தாளன் விடுபட மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின.

மில்ற்றன் கதை தூரத்துக் கதையென்று தோன்றினால், நம் பாரதியின் கதையைப் பார்ப்போம். இங்கே ஒன்றை முதலிற் சொல்லவேண்டும். 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் பதிவுச் சடங்கைக் கைவிட்டுவிட்டது. அச்சட்டத்தைத் தழுவியே 1914இல் இந்தியச் சட்டம் அமைந்தது. இலங்கையிலும் 1979 வரை ஆட்சி செய்தது அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டமே. ஆகவே, பாரதியின் எழுத்துக்குப் பதிவின்றியே முழுப் பாதுகாப்பும் இருந்தது. இருந்தும் நடந்தது என்ன?

1921 செப்ரெம்பரிற் பாரதி மறைந்தான். வறுமையில் வாடிய அவனது மனைவி செல்லம்மா அவன் நூல்களைத் தாமே வெளியிட முயன்றார். தொடர்ந்து நடத்த இயலவில்லை. பின்னர் வெளியீட்டு உரிமை பாரதியின் மாற்றாந்தாய்வழித் தம்பியான விசுவநாதனிடம் விலைக்குச் சென்றது. இசைத்தட்டும் வானொலியும் பேசும்படமும் வளர்ந்தபோது, பாடல்களை ஒலிவடிவில் வழங்கும் உரிமை 1930களிற் சில நூறு ரூபாய்க்கு நகை வணிகர் ஒருவரின் கைக்குப் போயிற்று. அவரிடமிருந்து 1940களிற் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அதனை வாங்கியவர் படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். நாட்டு விடுதலைக்காகப் பாடியவனின் பாட்டு, அவன் ஒருபோதும் கண்டிராத மனிதரின் பெட்டகத்துக்குள் அடங்கிற்று. 1948இல் ரி.கே.எஸ். சகோதரர் தம் ‘பில்ஹணன்’ படத்திற் பாரதியின் பாடலொன்றைச் சேர்த்தபோது, அனுமதியின்றிப் பாடியதாக அவர்கள்மீது வழக்கு எழுந்தது.

இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கைமாற்றமும் எழுத்தில் நடந்தது. ஒவ்வொன்றிலும் கையொப்பம் இருந்தது. பதிப்புரிமை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது. யாருக்காக? பாரதிக்காக அன்று, அவன் வீட்டாருக்காகவும் அன்று, விலைகொடுத்து வாங்கியவருக்காக.

அந்தக் கட்டை அவிழ்த்தது எந்தப் பதிவேடுமன்று. எழுத்தாளரும் கலைஞரும் அரசியல்வாதிகளும் ஒன்றுகூடிக் குரலெழுப்பினர். பாரதி பொதுமக்களின் சொத்து என்ற முழக்கம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ஒலித்தது. 1949இற் சென்னை அரசு பாரதியின் எழுத்துரிமையைத் தன்வசமாக்கியது. மெய்யப்பச் செட்டியார் இழப்பீடு கேளாமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு ஒரு தொகை வழங்கிற்று. 1950களின் நடுப்பகுதியில் அவ்வுரிமை பொதுவுடைமையாக்கப்பட்டது. ஒரு கவிஞனின் எழுத்துரிமையை அரசு எடுத்து மக்களிடம் ஒப்படைத்த அந்நிகழ்ச்சி, எழுத்தாளரின் கூட்டுக் குரலுக்குக் கிடைத்த வெற்றி.

இவ்விடத்தில் நம் தோழர்கள் சிலர் குறுக்கிடக்கூடும். ‘பதிப்புரிமையே தனிச்சொத்தின் ஒரு வடிவந்தானே! மக்களிடமிருந்து பெற்றதை மக்களுக்கே கொடுப்பவன் எழுத்தாளன். அவன் ஏன் வேலி போடவேண்டும்?’ என்பது அவர்களது வாதம். கேட்பதற்கு இது புரட்சிகரமாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் இதனாற் பயன்பெறுபவன் யார்? எழுத்தாளன் விட்டுக்கொடுத்தது மக்களைச் சேர்வதில்லை, நடுவிலிருப்பவனைச் சேர்கிறது. அச்சகத்தாருக்குக் கூலி உண்டு. கடதாசி வியாபாரிக்கு விலை உண்டு. கடைக்காரருக்குக் கழிவு உண்டு. எழுதியவனுக்கு மட்டும் தியாகம்! கொழுந்து பறிப்பவளின் நாட்கூலிக்காகக் குரல் கொடுக்கும் நாம், நெசவாளியின் கூலிக்காகக் குரல் கொடுக்கும் நாம், எழுத்துழைப்பாளியிடம் மட்டும் இலவசத்தை எதிர்பார்ப்பது எந்தச் சித்தாந்தத்தில் உள்ள விதி?

உழைத்தவன் கேட்பது கூலி. உழைக்காதவன் வாங்கி வைத்துக்கொண்டு தண்டுவது வாரம். முன்னதைப் பாதுகாப்பதும் பின்னதை எதிர்ப்பதும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். வகுப்பறையிற் கவிதையைப் படிப்பிக்கும் ஆசிரியரும் இதனால் அஞ்சவேண்டியதில்லை. விமர்சனத்துக்கும் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான பயன்பாட்டை நம் சட்டம் அனுமதிக்கிறது. கருத்து எவருக்கும் தனியுடைமையாவதில்லை. கருத்துக்கு ஆசிரியன் கொடுத்த உருவமே அவனுடையது.

இனி நம் முற்றத்தையும் சற்றுக் கூட்டுவோம். நகரத்து முகவரைக் குறைசொல்லும் நாம் யோக்கியரா? கதையை வாங்கிப் போட்டுவிட்டுப் பிரதிகூட அனுப்பாத சஞ்சிகைகள் நம்மிடையே எத்தனை! ஆசிரியரைக் கேளாமலே கதைகளைத் தொகுப்பிற் சேர்த்து, வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பும் தொகுப்பாளர் எத்தனை பேர்! விழா மேடையிற் பாடப்படும் பாட்டுக்குப் பாடியவர் பெயர் உண்டு, இசைத்தவர் பெயர் உண்டு. இயற்றியவர் பெயர் இல்லை. இவற்றையெல்லாம் செய்வோர் பெருமுதலாளிகளல்லர். இலக்கியத் தொண்டு என்ற பெயரில் நாமேதான். சன்மானம் கொடுக்க வசதியில்லாத சிறுசஞ்சிகையின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அனுமதி கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. பெயரைப் போடுவதற்கு அரை அங்குல இடம் போதும்.

ஆகவே செய்யவேண்டியது என்ன? முகவருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, ஒப்பந்தத்தைப் படிக்கப் பழகவேண்டும். பொருளாதார உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் அது எழுத்தில், இருதரப்பாரின் கையொப்பத்தோடு இருத்தல் வேண்டுமென நம் சட்டம் கூறுகிறது. வெளிப்படையாகக் குறிப்பிடப்படாத உரிமை எதுவும் அதனோடு சேர்ந்து போவதில்லை. இது எழுத்தாளன் கையிலுள்ள கேடயம். ‘சகல உரிமைகளும்’, ‘நிரந்தரமாக’ என்ற சொற்களில் ஒப்பமிடுபவன் அந்தக் கேடயத்தைத் தானே எறிந்துவிடுகிறான். இருபத்தைந்து வயதில் அப்படி ஒப்பமிட்டவன் அறுபத்தைந்து வயதில் இறந்தால், அவன் கொடுத்தது 40 ஆண்டும் 70 ஆண்டும் சேர்ந்து 110 ஆண்டுகால உரிமை. ஐம்பது பிரதிகளுக்கு! ‘தமிழில், அச்சுநூலாக, முதற்பதிப்புக்கு மட்டும்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பும் நாடகமும் திரைப்படமும் மறுபதிப்பும் ஆசிரியனிடமே நிற்கும்.

ஆசிரியத் தொழில் புரிவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வேலைக் கடமையின் ஒரு பகுதியாக ஆக்கப்பட்ட படைப்பின் பொருளாதார உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவிடத்து, வேலைகொள்வோருக்கே உரியது. பாடநூல் எழுதும் பணியை ஏற்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் புலம்புவதாற் பயனில்லை.

இவையெல்லாம் தனிமனிதன் செய்யக்கூடியவை. ஆனால் தனிமனிதனின் பலம் சிறிது. முதல் நூலை வெளியிடத் துடிக்கும் இளைஞனிடம் ‘நிபந்தனையை வெட்டு’ என்று நாம் சொல்வது எளிது. ‘வேண்டாமென்றால் போ’ என்று வெளியீட்டாளர் சொல்வது அதைவிட எளிது. இங்கேதான் சங்கத்தின் தேவை வருகிறது. உரிமையாளர்கள் கூட்டாகச் சங்கம் அமைத்துத் தம் உரிமைகளை நிர்வகிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டமே இடமளிக்கிறது. எழுத்தாளர் சங்கங்கள் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், பொதுவான மாதிரி ஒப்பந்தமொன்றை வரையட்டும். அதற்குக் குறைந்த நிபந்தனையில் உறுப்பினர் எவரும் ஒப்பமிடுவதில்லையென முடிவு செய்யட்டும். தொழிற்சங்கம் கண்ட தொழிலாளிக்கு இதை விளக்கவேண்டியதில்லை, எழுத்தாளனுக்குத்தான் விளக்கவேண்டியிருக்கிறது.

அந்த இளம் ஆசிரியர் அன்று என் மேசையிலேயே ஒப்பந்தத்தின் மூன்றாவது நிபந்தனையைக் கோடிட்டு வெட்டினார். முதற்பதிப்புக்கு மட்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வாரங்கள் சில கடந்துவிட்டன, வெளியீட்டாளரிடமிருந்து பதிலில்லை. அவர் சோர்ந்துபோய்க் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு நான் எழுதிய மறுமொழியையே இங்கும் எழுதி முடிக்கிறேன்: ஒருவர் வெட்டிய கோட்டுக்குப் பதில் வராதிருக்கலாம், நூறு பேர் அதே கோட்டை வெட்டி அனுப்பட்டும், பதில் வந்தே தீரும்.